சண்டை வராது என்று சத்தியம் செய்த பாவாவுக்கு

என் ஆசைப் பாவா, அக்காவைக் கட்டிக்கொண்டு போனதோடு நிற்காமல் ஆயுசு முழுக்க என்னையும் அதட்டி வைத்தவனே,

எப்படி இருக்கிறாய்? அங்கேயும் விடிந்ததும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறாயா? உன் திதிக்குப் பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் வைக்கலாம் என்று உன் பசங்கள் வந்து கேட்டார்கள். நீ மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ, கீழே 'எல்லை காத்த வீரர்' என்று கொட்டை எழுத்து. நான்தான் வேண்டாம் என்றேன். நீ எல்லையில் காத்தது பருப்பு மூட்டையும் அரிசி மூட்டையும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் அதை வெளியே விடாமல் இருந்தேன். இப்போது உன்மேல் கோபம், சொல்லிவிட்டேன்.

பேனருக்குப் பதிலாக இந்தக் கடிதம். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் அங்கிருந்தே குட்டு. ஊரும் படிக்கட்டும்.

நீ என்னை ஏமாற்றிவிட்டாய் பாவா. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நம் நாடு பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பதிலுக்குப் பாகிஸ்தான்காரனும் வெடித்தான். நீ பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த புதிது. திருத்தணி மார்க்கெட் டீக்கடையில் எல்லாரும் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தோம். நீ மட்டும் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாருக்கும் டீ சொன்னாய். "இனிமே யாரும் யார் மேலயும் கை வெக்கமாட்டான். ரெண்டு பேரு கையிலயும் சாவு கீது. அதான்டா பந்தோபஸ்து" என்றாய்.

எனக்குப் புரியவில்லை என்றதும் கே.ஜி.கண்டிகைக் கிணற்றைச் சொன்னாய். அங்கே பங்காளிகள் இரண்டு பேருக்கு ஒரே கிணறு. தண்ணீர் முறையில் ஓயாத சண்டை. ஒருத்தன் பூச்சி மருந்து டப்பாவைக் கொண்டுவந்து மோட்டார் கொட்டகையில் வைத்தான். என் முறையில் கை வைத்தால் கிணற்றில் கொட்டிவிடுவேன், யாருக்கும் தண்ணீர் இல்லை என்றான். மறுநாளே அடுத்தவனும் ஒரு டப்பா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அதற்குப் பிறகு கிணற்றுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. "பாத்தியா, விஷம்தான் அந்தத் தண்ணிய காப்பாத்துது" என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. பட்டாளத்துக்குப் போனவன் மூளையே தனி என்று நினைத்தேன்.

மலை மேல் இருக்கிற சாமியையும் நீ விடவில்லை. மற்ற ஊர்களில் சஷ்டி என்றால் சூரனைக் கொல்வார்கள், நம் ஊரில் சூரசம்ஹாரம் கிடையாது, பூதான் கொட்டுவார்கள். ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான் பார், அதுதான் பலம் என்றாய். சரி என்றேன். நீ எதைச் சொன்னாலும் சரி என்பதுதானே என் வேலை.

என் பிள்ளை தாமு பட்டாளத்தில் சேருகிறேன் என்று நின்றபோது என் வீட்டுக்காரி சரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே பிள்ளை. நீ வந்து அதே பேச்சைப் பேசினாய். அவள் விடுகிற ஆளா? கார்கிலில் அத்தனை பிள்ளைகள் செத்தார்களே, அப்போது இந்தக் குண்டு எங்கே போயிருந்தது என்று கேட்டாள். நீ அசரவில்லை. குண்டு இருந்ததால்தான் அந்தச் சண்டை மலையோடு நின்றது, இல்லையென்றால் ஊர் ஊராக எரிந்திருக்கும் என்றாய்.  அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், சத்தியம் பண்ணுவீர்களா என்று.

நீ பண்ணினாய். அடிவாரத்தில், முதல் படியில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். "உன் புள்ள சண்டைய கண்ணால பாக்க மாட்டான்மா. இந்த மலை சாட்சி" என்றாய். கை வெந்துபோனதை யாருக்கும் காட்டாமல் பஸ் ஏறினாய். நான் பார்த்தேன். அதனால்தான் இன்னும் நம்பினேன்.

அப்புறம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

தாமு நின்ற எல்லையிலேயே சண்டை வந்தது பாவா. ராக்கெட், ஆள் இல்லாமல் பறக்கிற டிரோன், பீரங்கி, எல்லாம். டிவிக்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். நம் டீக்கடையில் ஒருத்தன், இருக்கிற குண்டை எல்லாம் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றான். உன் வீட்டிலிருந்து யார் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். தாமுவின் போன் அடிக்கவே இல்லை. நானோ இன்னும் மடையன் மாதிரி சரசுவிடம், பாவா சத்தியம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய குண்டு வெடிக்கவில்லை. அந்த வரைக்கும் நீ சொன்னது சரிதான். சண்டை நின்றது, தாமுவும் பேசினான். "ஒண்ணும் இல்ல நைனா, நல்லா கீறேன்" என்றான். லீவில் வந்தான். எனக்கு உடனே வாய் ஊறியது, இத்தனை நாள் கேலி செய்ய ஆள் இல்லையே. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வலது பக்கமாகப் போய்க் காதோரம், "டேய், உன் மாமியா வந்துகினு கீறா, பின்பக்கமா ஓடிடு" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து இதற்குத் துள்ளி எழுவான். அன்றைக்குத் திரும்பவே இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அடுப்பங்கரையிலிருந்து அவன் பெண்டாட்டி வந்து நின்றாள். "அந்தப் பக்கம் அவருக்குக் கேக்காது மாமா" என்றாள்.

பீரங்கிக் குண்டு பக்கத்தில் விழுந்ததாம். கூட இன்னொரு பையன் இருந்தானாம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதும் தாமு எழுந்து கை கழுவப் போய்விட்டான். பாதி இலைச் சோறு அப்படியே இருந்தது. காது தேறினாலும் தேறும், தேறாமலும் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். லீவு முடிந்ததும் மறுபடியும் அதே எல்லைக்குத்தான், துப்பாக்கி இல்லாத வேலையாம்.

சரசு அழவில்லை. "குண்டு காப்பாத்தும்னு உங்க பாவா சொன்னாரே, யாரைன்னு நான் கேக்காம வுட்டுட்டேன்" என்றாள். இதற்கு என்ன பதில் பாவா? உனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருக்குமே.

அப்போதுதான் நான் கே.ஜி.கண்டிகைக்கு ஒரு நடை போனேன். விஷ டப்பா இரண்டும் அதே இடத்தில். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் இவன் பைப்பை அவன் வெட்டியிருக்கிறான், அவன் கொட்டகைமேல் இவன் கல் அடித்திருக்கிறான். கிணறு எப்படியும் போகாது என்கிற தைரியத்தில்தான் இரண்டு பேரும் கம்பைத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு கல் களை எடுக்க வந்த கூலிக்காரப் பொம்பளைமேல் விழுந்து கை ஒடிந்துவிட்டது. அவளுக்கு அந்தக் கிணற்றில் ஒரு சொட்டும் பங்கு கிடையாது. போதாததற்கு ஒருநாள் ஒரு டப்பாவின் மூடி திறந்து கிடந்ததாம். குடிபோதையில் திறந்தவனுக்கே தான் திறந்தது ஞாபகம் இல்லையாம். இதை எல்லாம் ஏன் சொல்லாமல் விட்டாய்? தெரியாதா, தெரிந்தும் மறைத்தாயா? தெரியாது என்று சொல்லிவிடு பாவா, எனக்கு அதுவே போதும்.

சாமி விஷயத்திலும் நீ பாதிதான் சொன்னாய். அவன் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த மலையில் வந்து உட்கார்ந்தான். உன் குண்டுக்காரர்கள் எதை இறக்கி வைத்தார்கள்?

இப்போது முக்கியமான சங்கதி. போன வாரம் அக்கா வந்தாள். பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம். உன் சத்தியம் பொய்யாகிவிட்டது, அதனால் அங்கே உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தினமும் அழுகிறாள். சத்தியம் வாங்கிக்கொண்டவர்கள் அதே படிக்கு வந்து 'விட்டேன்' என்று சொன்னால்தான் உனக்கு வழி கிடைக்குமாம். சரசு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "என் புள்ளையோட காது திரும்பட்டும் அண்ணி, அப்ப வந்து வுடறேன்" என்றாள். அக்கா தனக்குக் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அன்று போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய் ரத்தினம், அவ வரலன்னா பரவால்ல. புள்ளைக்கு அப்பன் நீ சொன்னாலும் செல்லும்டா" என்றாள். வருகிற கிருத்திகைக்கு அடிவாரத்தில் காத்திருப்பாளாம்.

நிறைய யோசித்தேன். எனக்கு யோசனை ஒத்துக்கொள்ளாது என்று உனக்கே தெரியும். அக்கா முகத்தைப் பார்த்தால் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. தாமு மறுபடியும் ரயில் ஏறப் போகிறான் என்று நினைத்தால் மனசு வரவில்லை.

கடைசியில் முடிவு செய்துவிட்டேன். விடமாட்டேன் பாவா. கிருத்திகைக்கு நானே போய் அக்காவிடம் நேரில் சொல்கிறேன், அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். உன்னை விட்டுவிட்டால் நீ உள்ளே போய்க் கால் நீட்டிவிடுவாய். அப்புறம் என் பிள்ளைக்குப் பொறுப்பு யார்? அந்த வாசலில் உன்னை மாதிரியே பேசி ஏமாற்றிய பெரிய மனுஷர்கள் இரண்டு நாட்டிலிருந்தும் வந்து நிற்பார்கள். அவர்களைப் பிடித்துக் கேள், ஏதாவது செய்.

தாமு உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டோடு வருகிற அன்றைக்கு, சரசுவையும் அக்காவையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து, 'விட்டோம்' என்று மலைக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். இது என் வார்த்தை. சூடம் எல்லாம் அடிக்க மாட்டேன்.

அதுவரைக்கும் உனக்கு லீவு கிடையாது.

கோபம் தீராமலும் உன்னைப் பாவா என்றே கூப்பிடுகிற
உன் மச்சான்
முனிரத்தினம்
திருத்தணி