திரையில் வராத மழை

அக்கா,

மாமா இன்று ஷோகேஸின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. விமான பெட்ரோலும் புது ரப்பரும் கலந்த வாடை. விடுமுறைக்கு வந்து நீ பையைத் திறக்கும்போதெல்லாம் கூடம் முழுக்க நிற்குமே, அதேதான். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்தது கோபம். நீ போன நாளிலிருந்து எனக்கு அதுதான் வருகிறது. அதில் ஒரு பங்கு உன் மேல். யாராவது திட்ட ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது உன் பழக்கம். இந்தத் தடவை உட்கார்ந்து கேள்.

துபாயிலிருந்து மாமா உனக்கு வாங்கி வந்த ஜி.பி.எஸ். கருவி இத்தனை நாளும் ஷோகேஸில்தான் இருந்தது. ஒரு பக்கம் டீ செட், மறு பக்கம் உன் பள்ளிக் கோப்பைகள். மாமா லீவில் வந்ததிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டிச் சொல்வார்: “இதைத்தான் புள்ள அன்னைக்கு ரூம்லயே மறந்து வச்சிட்டுப் போயிருச்சு. கையில இருந்திருந்தா மழை எங்கன நிக்கிதுன்னு காட்டியிருக்கும். பொழச்சிருக்கும்.” வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உன்னை மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

நீயா மறதிக்காரி? அத்தாவின் ஜீப்பில் ஏறுவதற்கு முன்கூட நாலு டயரையும் சுற்றிவந்து பார்ப்பவள். “ஏம்மா, இது ஏரோப்ளேன் இல்ல, திராட்சைப் பெட்டி ஏத்துற வண்டி” என்று அத்தா மகளைக் கேலி செய்தாலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவாய்.

அந்த மாடலை நீ கேட்கவே இல்லை. அது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மதுரையைத் தாண்டிய பொட்டல்காட்டில் இருந்த உங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு கோடையில் கம்பத்துக்கு வந்திருந்தாய். அங்கிருந்த இரண்டு இருக்கை விமானங்களில் வழிகாட்டும் கருவிகள் பழையவை, அதனால் மாணவர்கள் ஆளுக்கொரு கையடக்க ஜி.பி.எஸ். வைத்துக்கொள்வார்கள் என்றாய். எதை வாங்குவது என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினோம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள் நான் என்பதால், ஒவ்வொரு கருவியின் கையேட்டையும் போனில் இறக்கி என்னிடம் தந்தாய். “நீ வாசிச்சுச் சொல்லு. நான் வெயில்ல நிண்டு யோசிக்கிறேன்.”

உச்சி வெயிலிலும் திரை தெரிய வேண்டும். போய்த் திரும்பும்வரை பேட்டரி தாங்க வேண்டும். வரைபடத்தில் மலையின் உயரம் இருக்க வேண்டும். பொத்தான்கள் வேண்டும், ஏனென்றால் விமானம் குலுங்கும்போது வியர்த்த விரல் தொடுதிரையில் நிற்காது. உனக்கு வேண்டியது இவ்வளவுதான். சில கருவிகள் பறக்கும்போதே வானிலையைக் காட்டுமாமே என்று நான்தான் ஆசையாகக் கேட்டேன். நீ சொன்னாய்: “அந்தப் படம் வந்து சேரும்போதே பழசுடி. மேகம் அதுக்குள்ள வேற எடத்துக்குப் போயிருக்கும். தூரத்துல இருந்தே சுத்திப் போறதுக்கு ஒதவும். ரெண்டு மேகத்துக்கு நடுவுல சந்து தேடுறதுக்கு ஒதவாது.”

சாதா மாடல் போதும் என்று மாமாவிடம் போனில் சொன்னாய். ஸ்பீக்கரில் மாமாவின் சிரிப்பு மாடி முழுக்கக் கேட்டது. “என் மருமகளுக்குச் சாதாவா? வெதரோட வர்றது வாங்குறேன். இங்கன கடையில விக்கிறது வேணாம். அமெரிக்காக்காரன் அவனுக்குன்னு செஞ்சு வச்சிருக்கிற மாடலு. எங்க ஆபீஸ்காரர் ஒருத்தரு அங்கனயிருந்து கொண்டாறாக.”

வந்தது. அதற்குள் நம் பக்கத்து வரைபடத்தை ஏற்றினாய். மறுநாளே கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் ஜீப்பின் முன்கண்ணாடியில் அதன் ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டி, சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே திரை சிவப்பாகிக் கத்த ஆரம்பித்தது.

“ஏ ஆத்தா, என்னத்துக்கு அந்த டப்பா கூப்பாடு போடுது?” என்று ஜீப் ஓட்டிய அண்ணன் கேட்டார்.

“முன்னாடி மலை இருக்காம்ணே.”

“அதைச் சொல்லவா துபாய்ல இருந்து வந்துச்சு? நான் பொறந்ததுல இருந்து அது அங்கனதான நிக்கிது!”

குமுளி போகும்வரை சிரித்தோம். திரும்பும்போது மேகமலைப் பக்கம் இடி இடித்தது. வானிலைப் பக்கத்தைத் திறந்தாய். பச்சை மலை, நீல ஆறு, அவ்வளவுதான். மேகத்தின் அடையாளமே இல்லை. திரையின் ஓரத்தில் மட்டும், தகவல் வரவில்லை என்று எறும்பு அளவு ஆங்கில எழுத்து. வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத எச்சரிக்கைகளுக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. இந்த வானிலைச் சேவை அமெரிக்க வானத்தில் மட்டும் ஒலிபரப்பாகும். நம் வானத்தில் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு என் வாயைப் பொத்தினாய். “மாமாகிட்ட மூச்சு விட்றாதடி. ஆசையா வாங்கிக் குடுத்தாக. மனசு விட்டுப் போயிருவாக.”

நம் வீடுகளில் இது ஒரு சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைக் குறை சொல்லக்கூடாது. பெரியம்மாவுக்கு அவர் மகன் சவூதியிலிருந்து அனுப்பிய மிக்ஸியின் பிளக், நம் ஊர்ச் சுவரில் நுழையவே இல்லை. இன்றைக்கும் அது பாலித்தீன் உறையோடு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. போனில் மட்டும் “நல்லா அரைக்கிதுப்பா” என்று சொல்லப்படுகிறது. செண்ட் பூசித் தலை வலித்தால் நாம் தலையைத்தான் குறை சொல்வோம். மிக்ஸியால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, அக்கா.

நீ ஒரு சீனியரிடமிருந்து பழைய சாதாக் கருவியை வாங்கி அதைத்தான் பயன்படுத்தினாய். ஆனால் மாமா போட்டோ கேட்டார். விமானத்தின் கண்ணாடியில் அமெரிக்க மாடலை ஒட்டி, பக்கத்தில் நின்று சிரித்து, எடுத்து அனுப்பினாய். அதைப் பள்ளியில் எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் தலைமைப் பயிற்சியாளர் சாரும் பார்த்தார். உனக்கு ‘வெதர் மிஷின்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாய்.

அன்று காலை நான் பள்ளிக்குப் போகச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது.

“தெக்க மேகம் கொத்துக் கொத்தா ஏறுதுடி. மத்தியானம் பொங்கிரும். இன்னைக்குத் தனியாப் பறக்கப் போகலைன்னு சார்கிட்டச் சொன்னேன்.”

“என்ன சொன்னாக?”

“‘ஒங்கிட்டதான் வெதர் மிஷின் இருக்கே, பாத்துப் போயிட்டு வா’ங்கிறாரு. நிக்கிற பயலுகெல்லாம் சிரிக்கிறானுக.”

“அது இங்கன வேலை செய்யாதுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“இத்தன நாளு காட்டிட்டு இப்பப் போயி எப்படிடி சொல்றது? பயந்துக்கிட்டுப் பொய் சொல்றான்னுவாக. மாமாவையும் சேத்துக் கிண்டல் பண்ணுவானுக.”

“அப்ப அதையும் எடுத்துட்டுப் போறியா?”

“எதுக்கு, கல்லு மாதிரி கனக்குறதுக்கா? ரூம்லயே கெடக்கட்டும். வையி, பஸ்ஸை விட்றாத.”

நான் பஸ்ஸை விடவில்லை. நீ போனாய். திரும்பும் வழியில் மேகம் சூழ்ந்துகொண்டது என்றார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த உங்கள் சார், கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அத்தாவிடம் சொன்னார்: “அருமையான மிஷின் சார். அதை ரூம்லயே வச்சிட்டுப் போயிட்டா. ஒரு சின்ன மறதி.” அடுப்படி வாசலில் நின்ற நான் “பொய்” என்று கத்தினேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டே கேட்டாள். கடைசியில் என் தலையைத் தடவி, “வெளிய சொல்லாதடி. ஒன் மாமா தாங்க மாட்டாக” என்றாள். அத்தாவிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார்.

மாமா தாங்கமாட்டார் என்பதற்காக, தாங்குவதற்கு இனி எதுவும் இல்லாத உன் மேல் எல்லாப் பழியும் ஏறியது. உங்கள் சாருக்கு எவ்வளவு வசதி பார். போகமாட்டேன் என்று சொன்ன பெண்ணை ஏன் அனுப்பினீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் நம் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்று உன் அறைத்தோழி நிவேதா, அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். நீ போனபின் பறக்கவே பயந்து ஊரில் இருந்தவள், அடுத்த வாரம் மறுபடியும் பயிற்சிக்குப் போகிறாளாம். அதைக் கேட்டதும்தான் மாமா எழுந்து ஷோகேஸைத் திறந்தார். கருவியைத் தன் சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தார்.

“நீயாச்சும் மறக்காமக் கொண்டு போம்மா. இது இருந்தா பயமில்ல.”

நிவேதா இரண்டு கைகளாலும் வாங்கினாள். “தினமும் எடுத்துட்டுப் போவேன் அங்கிள். இது கையில இருந்தா எந்த சீசன்லயும் தைரியமாப் போகலாம்னு சாரும் சொல்லியிருக்காரு.”

நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். “ஏண்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா?” என்று அம்மா கத்தியது மாடிப்படிவரை வந்தது. “மாமா, மேல வாங்க. நிவேதாக்கா, நீங்களும் வாங்க” என்று ஏறிக்கொண்டே கூப்பிட்டேன். மாமா மூச்சு வாங்க வந்தார்.

மேற்கே குமுளி மலையே தெரியவில்லை. கறுப்பாக இறங்கிய மழை, திராட்சைத் தோட்டங்களின் மேல் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. கருவியை முடுக்கினேன். மாமா தவறாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். வரைபடம் கம்பத்தைக் கண்டுபிடித்து, நம் வீட்டின் மேல் ஒரு குட்டி விமானத்தை வைத்தது. வானிலைப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

“மேக்க பாருங்க மாமா. இப்ப இதைப் பாருங்க.”

திரை பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

“சிக்னல் எடுக்கக் கொஞ்ச நேரமாகும்ல” என்றார்.

காத்திருந்தோம். முதல் துளி திரை மேலேயே விழுந்தது. மாமா அதைக் கைலி நுனியால் துடைத்தார். இன்னொன்று விழுந்தது. துடைத்தார். பிறகு மழை மொத்தமாக எங்கள் மேல் இறங்கியது. துடைத்தால் அடியில் மேகம் தென்படும் என்பதுபோல அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. திரையில் கம்பம் பள்ளத்தாக்கு காய்ந்துபோய்க் கிடந்தது.

“அமெரிக்காவுலதான் காட்டும் மாமா. இங்கன என்னைக்கும் காட்டாது.”

“அவளுக்குத் தெரியுமா?”

“வந்த மறுநாளே தெரியும். அதான் ரூம்ல வச்சிட்டுப் போனா. மறக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க வாங்கிக் குடுத்தீக.”

மாமா கருவியைக் கைலியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேற்கையே பார்த்தார். பிறகு படிக்கட்டு வாசலில் ஒதுங்கி நின்ற நிவேதாவிடம் திரும்பினார். “இது வேணாம்மா. மேகத்தைப் பாத்து ஒனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா போகாத. எவன் சிரிச்சாலும் போகாத. மிஷின் இருக்கேன்னு ஒங்க சார் சொன்னாருன்னா, அதை வாங்கிக் குடுத்தவரே வேலை செய்யாதுன்னு சொல்லிட்டாருன்னு சொல்லு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போகும்போது கருவியை என் கையில் திணித்தார்.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. அதன் முதுகில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, ‘இதில் நம் ஊர் மழை தெரியாது’ என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். மாமா தாங்கினார், அக்கா. நனைந்தார், அழுதார், தாங்கினார். நீயும் அம்மாவும் அத்தாவும் பயந்தது இதற்குத்தான். அந்தக் காலையில் நீ அதை உங்கள் சாரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையன்கள் சிரித்திருப்பார்கள். சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்து அவர்களை ஒவ்வொருவராகத் திட்டியிருப்பாய். நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். இதை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. உன் சாரை மன்னிக்கப்போவதில்லை. உன்னை எப்போது மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

நீ சொல்லாமல் விட்டதைச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். மழை விட்டதும் பெரியம்மா வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சவூதியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, மிக்ஸி எப்படி இருக்கிறது என்று கேட்டார் போலிருக்கிறது. “நல்லா அரைக்கிதுப்பா” என்றார் பெரியம்மா.

நான் போனை வாங்கினேன்.

“பிளக்கே நுழையலண்ணே” என்றேன்.

பெரியம்மா முறைத்தார். முறைக்கட்டும்.