பஹ்மியாவிடம் நான் படும் பாடு

கொட்டாஞ்சேனை,
14.09.1997

அன்பு மகன் கிளெமென்ற்,

நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமல் மட்டும் வீட்டில் மூன்றாவது ஆளாக இருக்கிறது. அங்கே குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்குத்தான் இங்கே பொறுமை போய்க்கொண்டிருக்கிறது மகன். இத்தனை வருடம் படிப்பித்த என்னை எங்கள் பள்ளிக்கூட அதிபர், பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவும் உளவளத்துணைப் பயிற்சிக்கு அனுப்பினார் அல்லவா, வகுப்புகள் முடிந்து இப்போது புறக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறைப் பயிற்சி. வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கிப் பையைக் கிளறுகிறார்கள், அதைக்கூடத் தாங்கலாம், என்னை மேற்பார்வை செய்யும் பஹ்மியாவைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் பிள்ளைகளோடு கதைக்கும்போது பக்கத்தில் பேசாமல் இருப்பாள், பிள்ளை போனதும் பிழை பிடிக்கத் தொடங்குவாள். "டீச்சர், கேள்வியையும் நீங்களே கேட்டு பதிலையும் நீங்களே சொல்றீங்க" என்கிறாள். யாரிடம் சொல்கிறாள் பார்.

பத்தாம் வகுப்பில் இராமலெட்சுமி என்று ஒரு பிள்ளை, தினமும் பிந்தி வருகிறது என்று வகுப்பாசிரியை அலுத்துப்போய், இன்னும் ஒரு முறை பிந்தினால் பெயரை வெட்டுவோம் என்று அந்தப் பள்ளி அதிபரும் சொல்லி, என்னிடம் அனுப்பினார்கள். நேரத்தின் அருமை, படிப்பின் அருமை எல்லாம் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்றது. மறுநாளும் பிந்தித்தான் வந்தது. அதிபரிடம் ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கிய பஹ்மியா, "இன்டைக்கு நீங்க வாயத் தொறக்காம இருங்க டீச்சர்" என்று எனக்கு உத்தரவு போட்டாள். வந்த கோபத்தை அடக்க உள்ளுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கைலேஞ்சியை மடித்து மடித்து விரித்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, பிறகு தானாகவே சொல்லத் தொடங்கியது.

தகப்பன் சுடலைமுத்து புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர், ஆமியும் பொலிசும் செய்த சுற்றிவளைப்பில் அடையாள அட்டை இல்லையென்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தாய் வெள்ளையம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், சிங்களம் தெரியாது, காலையில் பொலிசுக்குப் போய்க் கேட்க இந்தப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. ஒரு நாள் அங்கிருந்தவன், ஆளைக் களுத்துறைச் சிறைக்கு அனுப்பியாயிற்று, இனி இங்கே வரவேண்டாம் என்று சொன்னானாம். "சொன்னா அம்மா விழுந்துருவாங்க டீச்சர். நாளைக்கு வரச் சொல்றாங்கன்னு சொல்லிட்டேன்" என்றது. அதற்குப் பிறகும் தாய் தினமும் கூட்டிக்கொண்டு போக, அவன் தினமும் ஏச, இது தினமும் "நாளைக்கு" என்று சொல்லியிருக்கிறது.

நான் துடித்துப்போய், நானே அம்மாவிடம் சொல்கிறேன் என்று எழும்ப, பஹ்மியா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். "அம்மாட்ட யார் சொன்னா நல்லம்னு நீங்க நினைக்கிறீங்க மகள்?" என்று பிள்ளையிடமே கேட்டாள். "நான்தான் சொல்லணும், இந்த டீச்சரும் கூட வரட்டும்" என்று அது என்னைக் காட்டியது. ஏன் என்னை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரமே நானும் பிள்ளையும் பஸ்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். வெள்ளையம்மா பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இத்தன நாளா அவன் ஏசுனதெல்லாம் நீ ஒருத்தியாவா கேட்டுக்கிட்டு நின்ன?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது.

நம் கோயில் சுவாமியார் ஒரு லோயரைப் பிடித்துத் தந்தார். போன கிழமை தாயும் மகளும் களுத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டார்கள், மெலிந்திருக்கிறாராம், வழக்கு எப்போது என்று தெரியாது, ஆனால் ஆள் இருக்கிறார். பஹ்மியா அதிபரோடு கதைத்ததால் பிள்ளையின் பெயரும் வெட்டுப்படவில்லை. இனியாவது என்னை ஒரு வார்த்தை மெச்சுவாள் என்று பார்த்தால், "வீட்டுக்குப் போற வழியில பஸ்ஸுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்கிறாள். பிள்ளையே போய்ச் சொல்லியிருக்கிறது!

கடைசியாக வந்த உன் கடிதங்கள் எல்லாவற்றிலும் சுகமாயிருக்கிறேன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை மகன். ஞாயிறு பூசை முடிய போன் எடு. வேலை என்ன, சாப்பாடு என்ன என்று நான் கேட்கமாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் சொல், இல்லாவிட்டால் பேசாமல் லைனில் இரு, நானும் இருக்கிறேன். நமக்குள்ளேயே இருக்கட்டும், அப்பாவிடம் போனைக் கொடுக்கமாட்டேன்.

காலுக்குச் சொக்ஸ் போடாமல் படுக்காதே. மாதா உன்னைத் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
யோசெப்பின்