சாம்பலுக்குள் இருந்த பச்சை

அண்ணா,

இன்று காலை மாடி அறையைப் பெருக்கும்போது, போட்டோ அச்சிட நீ வாங்கி வைத்த, பளபளப்பில்லாத மேட் பேப்பர் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். பிரித்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியின் வாசனை வந்தது. துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு உன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் பீர்க்கன்கரணை வீட்டு மாடிக்கு நீ குடிவந்தபோது, கல்யாணம் செய்துகொள்ளாத மனிதனுக்கு இனிப் பொழுது எப்படிப் போகுமோ என்று கவலைப்பட்டேன். நீயோ வந்த வேகத்தில் ஒரு இன்க்ஜெட் பிரிண்டர் வாங்கினாய். ஏரிக்கரை, தாம்பரம் யார்டில் நிற்கும் ரயில் பெட்டிகள், ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கக் காத்திருக்கும் முகங்கள் என்று போட்டோ எடுத்து அச்சிட்டுத் தள்ளினாய். எல்லாமே கருப்பு வெள்ளை. கலரில் ஒன்று போடுங்களேன் என்று என் மகன் கேட்டால், "கலர்ல கவனம் சிதறும்டா" என்பாய். கலைஞனுக்கு இருக்கும் பிடிவாதம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, கணவரின் முதல் வருஷத் திதிக்கு ஒரு படம் வேண்டும் என்று அவருடைய பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். கீறல்களை நீக்கி, பொறுமையாகச் சரிசெய்து, பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனாய். நானும் கூட வந்தேன். அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி அப்படியே கீது சார். தப்பா நெனச்சிக்காதீங்க. கடைசில ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ இப்படித்தான் பச்சை பூத்துப் போயிருந்தாரு. அதான் பாக்க முடியல."

நான் எட்டிப் பார்த்தேன். கன்னத்து நிழலில் பாசி படிந்ததுபோல லேசான பச்சை. நீ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அன்று நான் கண்டது பயம். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வேறு போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தாய்.

அதன் பிறகு நாள் முழுக்க மாடியில் பிரிண்டர் ஓடும் சத்தம். ஒரு சாயங்காலம் காபி கொண்டுவந்தபோது இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பச்சை என்று கேட்டாய். விளையாடுகிறாய் என்று சிரித்தேன். ஒன்று பச்சை, இன்னொன்று ரோஸ், பார்த்தாலே தெரிகிறதே. நீ சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்."

ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி, மெடிக்கலில் கலர் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தை நீட்டியபோது அதிலிருந்த எண்களைப் படிக்க முடியாமல் நின்றதை அன்றுதான் சொன்னாய். அப்போது வீட்டில் நீ சொன்ன கதை வேறு. ரயில் ஓட்டப் பிடிக்கவில்லை, நானே ஆபீஸ் வேலை கேட்டு வாங்கினேன் என்றாய். பயந்தாங்கொள்ளி என்று அப்பா கடைசிவரை உன்னைக் குத்திக்காட்டினார். நீ வாய் திறக்கவே இல்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"உனக்கு வரன் பாத்துட்டிருந்தாங்க. குடும்பத்துலயே கண் கோளாறுன்னு யாராவது கிளப்பி விட்டா?"

காபியில் ஆடை படிந்துவிட்டது.

கருப்பு மையை மட்டும் வைத்து அச்சிடலாமே என்றேன். அதையும் செய்து பார்த்திருந்தாய். முகமெல்லாம் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். மறுநாள் இருவருமாகக் குரோம்பேட்டையில் போட்டோ பிரிண்ட் போடும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்பதற்கு முன்னாலேயே நீ சொன்னாய்: "எனக்குக் கலர் தெரியாது சார். அதான் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தேன்." வெளி மனிதரிடம் நீ அதைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அது கருப்பு வெள்ளைதான், ஆனால் பிரிண்டர் கலர் மைகளையும் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது, ஒவ்வொரு பேப்பரும் மையை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும், உங்கள் பேப்பரின் குணம் உங்கள் பிரிண்டருக்குத் தெரியாது என்று விளக்கினார். அதைத் தெரியப்படுத்தும் ஃபைலுக்குத்தான் கலர் புரொஃபைல் என்று பெயராம்.

அவர் கொடுத்த கட்டம் கட்டமான சார்ட்டை நம் பேப்பரில் அச்சிட்டு, நன்றாகக் காயவிட்டு எடுத்துப் போனோம். ஒரு சின்னக் கருவியை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் நகர்த்தி அளந்து, புரொஃபைலைத் தயார்செய்து கொடுத்தார். பேப்பரை மாற்றினால் புதிதாகச் செய்ய வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதை வைத்து நீ போட்ட முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே. நீ படத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பச்சை இல்லை, ரோஸும் இல்லை. நல்ல சாம்பல். நான் தலையாட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாய். நெடுநேரம் துடைத்தாய்.

சரோஜா அக்கா அந்தப் படத்தை வாங்கியபோது நம் இருவரையும் மறந்துவிட்டார். "வந்துட்டியா நீ" என்று அதனிடம்தான் பேசினார்.

அதற்குப் பிறகு நீ வேறு ஆளானாய். தள்ளுவண்டிக்காரரிடம், "எது பழுத்ததுன்னு நீயே பாத்துக் குடுப்பா, எனக்குக் கலர் தெரியாது" என்று தெருவே கேட்கும்படி சொல்வாய். என் மகன் எடுத்துக் கொடுக்கும் சட்டையைக் கேள்வி கேட்காமல் போட்டுக்கொள்வாய். அவன் உன்னைக் கிண்டல் செய்வான். அவனைவிட நீதான் அதிகமாகச் சிரிப்பாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் எஞ்சினியரிங் முடித்து, கப்பல் வேலைக்கு மெடிக்கல் போனான். மத்தியானம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, மாமாவுக்கு இருந்ததுதான் எனக்கும் இருக்காம். புள்ளிப் புத்தகத்துல போச்சு."

குரல் உடைந்திருந்தது. ஆனால் வீடு வந்து சேரும்வரைகூட அவன் அதை என்னிடம் மறைத்து வைக்கவில்லை. இப்போது துறைமுகத்தில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறான். சில நாள் எரிச்சலோடு வருகிறான், சில நாள் சிரித்துக்கொண்டு. கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தைச் சொல்லிவிடுகிறான். அதை அவன் உன்னிடம்தான் கற்றான்.

டாக்டர் எனக்கும் விளக்கிச் சொன்னார். அது அம்மாவிடமிருந்து உனக்கு வந்ததைப் போலவே எனக்கும் வந்திருக்கிறது. பெண் என்பதால் வெளியே தெரியாமல் என் ரத்தத்திலேயே தங்கி, என் வழியாக அவனிடம் போயிருக்கிறது. யாருடைய கல்யாணம் நின்றுவிடுமோ என்று நீ மறைத்தாயோ, அவளிடமே அது இருந்திருக்கிறது. டாக்டர் என்னைச் சமாதானப்படுத்த ஏதேதோ சொன்னார். அதற்குத் தேவையே இருக்கவில்லை, அண்ணா. உன்னோடு பிறந்தவள் என்பதற்கு என் உடம்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.