விழுங்கியவன் வயிற்றில் குடியிருந்த கிருமி

நேற்று கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பிரஷர் மாத்திரை வாங்கப் போனவள் வாங்காமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பாய்.

ஒரே வகுப்பில் படித்தோம். நான் கல்வராயன் மலையில் டீச்சர் ஆனேன். நீ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆனாய். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில்தான் அந்த இருமல் பிடித்தது. சளி கொண்டுவரச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தாய். டிபி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்தவழியே போய்விடுவார்கள் என்ற பயத்தில், ஏதோ கதை சொல்லி என் அண்ணியைத் துப்பவைத்துக் கொண்டுவந்தேன். அண்ணி வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகியதால் எனக்கு அது உறைக்கவில்லை. நீ மூடியைத் திறந்தாய்.

“இன்னாடி, எப்பலருந்து வெத்தலை போடுற?”

சிரித்து முடித்தபின், வேப்பமரத்தடியில் நிறுத்தி என்னையே இருமவைத்தாய். கிருமி இருந்தது. பள்ளிக்கு லீவு போடவைத்தாய். கல்யாணத்தை ஆறேழு மாதம் தள்ளிவைக்கச் சொன்னாய். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியமும் செய்தாய்.

இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, கன்னம் தேறியது. அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. மாத்திரை தீர்ந்ததும், நல்ல சாக்கு கிடைத்தது என்று நிறுத்திவிட்டேன். நான்காம் நாள், விழுந்துகிடந்த புளியமரங்களுக்கு மேல் உன் அண்ணனுடைய சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, மாத்திரைப் பொட்டலத்தோடு நீ வந்து சேர்ந்தாய். முழங்கை எல்லாம் சிராய்ப்பு.

“ஒடம்புதான் நல்லாயிடிச்சே, இன்னும் எதுக்குடி?” என்றேன்.

“நீ டீச்சருன்னு வெளிய சொல்லாத! நம்ம ஒடம்புல காவலுக்குன்னு செல்லு இருக்குது. கிருமியக் கண்டா முழுங்கி செரிச்சிடும். ஆனா இந்தக் கிருமி செரிக்காது. முழுங்குனவன் வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணிக்கினு கெடக்கும். காவக்காரனுக்குள்ளயே இருந்தா வெளிய எவனுக்குத் தெரியும்? நீ மாத்திரைய வுட்டுட்டா திரும்ப எழுந்து வரும். அப்ப இந்த மாத்திரைக்கும் அடங்காம போனாலும் போவும்.”

நான் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாய். கடைசி மாத்திரைவரை அப்படித்தான். கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். நீ காப்பாற்றிக் கொடுத்த நுரையீரலை வைத்துக்கொண்டு முப்பது வருடம் வகுப்பில் கத்தியிருக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மகள் என்னிடம், “அம்மா உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாங்க. கூடப் படிச்சவங்கதானே?” என்று கேட்டாள். அவளுக்குக்கூட நீ சொல்லவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. “எனக்கு டிபிம்மா. உங்கம்மாதான் பொழைக்க வெச்சா” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். இறங்கும்போது சொன்னார்.

“நம்ம வூட்டுக்கு எத்தினி தபா வந்தாங்க. மின்னாடியே சொல்லியிருந்தா, அவங்க இருக்கசொல்ல ஒரு தபா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேனே.”

உனக்கு வந்து சேராத அவருடைய அந்தக் கும்பிடையும் என்னுடையதோடு சேர்த்து நான்தான் இப்போது வைத்திருக்கிறேன்.