படிக்கட்டுக்குப் போட்ட கைப்பிடி

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே மழை வரும் என்று சொல்லிவிடுகிறது, அவரும் அதை வானிலை அறிக்கை மாதிரி தினமும் காலையில் எனக்கு வாசிக்கிறார். நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். பத்து வருஷமாகச் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெண் மறுபடி ஏறியிருக்கிறாள் என்று சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பார்த்ததும் "ஹெல்மெட் எங்கன்னு கேளு" என்றார், கேட்டுவிட்டேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ யோசிக்காமல் "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். இது அப்படிச் சட்டென்று சரி சொல்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் கணக்கு டீச்சர் சைக்கிளில் போகும்போது விபத்தில் இறந்துபோனதை நாலு மாசத்துக்கு முன்னால் சொன்னேன். எந்த இடத்தில் என்று நீ கேட்டாய், நான் தண்ணீர் வரவில்லை, குழாய் ரிப்பேர் என்று பேச்சை மாற்றினேன். மருந்துக்கடை முனையில்தான் கண்ணு. கடைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றின் கதவை யாரோ பின்னால் பார்க்காமல் திறந்துவிட்டார், டீச்சர் அதில் மோதி ரோட்டுப் பக்கம் விழுந்தார், பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் ஊர் அலுவலகத்தில் சைக்கிள் பாதுகாப்புக்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். முப்பது வருஷம் அங்கேயே டைப் அடித்தவள் என்பதால் கூட்டத்தில் பேசுவதை எழுதி வைக்கும் வேலை எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நூலகத்து மாடியில் ஏழு பேர் உட்காருகிறோம். பஸ்ஸை ஓட்டி வந்த டிரைவரும் அதில் ஒருவர், அவர்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் தானாகவே கேட்டு வந்து சேர்ந்தார். முதல் நாள் படியேறும்போது என்னிடம் "நான் பிரேக் போட்டேம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கமிட்டி என்றால் டீ குடித்துவிட்டுக் கலைகிற கூட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு வாரம் காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினோம். ஒரு காலையில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு சைக்கிள், அதில் கார்க் கதவுக்குப் பயந்து சட்டென்று நடுரோட்டுக்கு ஒதுங்கியவை முப்பத்தொன்பது. அப்பா எனக்குக் குடை பிடிக்கிறேன் என்று வந்து, போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் ஓரமாகப் போ ஓரமாகப் போ என்று விரட்டி எண்ணிக்கையையே குழப்பிவிட்டார், மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கமிட்டியில் இருக்கும் ஊர் அலுவலக எஞ்சினியர் டேப் வைத்து அளந்தார். நிற்கும் காருக்கும் பஸ் போகிற தடத்துக்கும் நடுவே நாலடி கூட இல்லை, திறந்த கதவே மூன்றடியைச் சாப்பிட்டுவிடுகிறது. சைக்கிளுக்குக் கோடு போட்டால் போதும் என்றார் மருந்துக்கடைக்காரர், அவரும் கமிட்டியில் ஒருவர். நோயாளிகள் கடை வாசலில் இறங்க வேண்டாமா என்பது அவர் கவலை, அதுவும் நியாயம்தான். பஸ் டிரைவர் மட்டும் மெதுவாக, "பெயிண்ட் பஸ்ஸை நிறுத்தாது சார்" என்றார். கார்களைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றி, சைக்கிளுக்குத் தனியாகத் தடுப்புத் திட்டு கட்டிப் பாதை விடுவது என்று கடைசியில் முடிவானது. அங்கேதான் சிக்கல். பத்து வருஷத்துக்குள் ஒரே இடத்தில் மூன்று பேர் காயப்பட்டதாகப் பதிவு இருந்தால்தான் நிறுத்துமிடத்தை எடுக்க முடியும் என்று விதி இருக்கிறதாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் பேப்பர் போடுகிறவர் கையை உடைத்துக்கொண்டது ஒன்று, டீச்சர் இரண்டு. மூன்றாவது இல்லை. எஞ்சினியர் கெட்டவரில்லை, என் கை கட்டியிருக்கிறது என்று உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார். அந்த இடத்தில் வேறு விபத்து யாருக்காவது தெரியுமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். என் முகத்தையும் பார்த்தார். வாய் வரைக்கும் வந்தது கண்ணு, வெளியே வரவில்லை. "வேறு விபத்து எதுவும் உறுப்பினர்களுக்குத் தெரியவில்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

நடந்ததை உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நடந்தது நடந்தபடி ஒருமுறையாவது என் கையெழுத்தில் இருக்கட்டும். உனக்குப் பதினேழு வயசு. டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தாய். மருந்துக்கடை முன்னால் காரை நிறுத்தியிருந்த உன் சித்தப்பா பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். தோளில் காறை எலும்பு உடைந்து, முகமெல்லாம் சிராய்ப்போடு நீ ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாய். சித்தப்பாவுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்த லைசென்ஸ் வர ஒரு வாரம் இருந்தது, விபத்து என்று பதிவானால் அது வராது. எப்படிம்மா விழுந்தாய் என்று நர்ஸ் உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டாய், சித்தப்பா வயிற்றில் அடிக்கச் சொல்றியா என்று நான் சீறினேன். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. இன்றைக்கு நீயே நர்ஸ். எப்படி விழுந்தீர்கள் என்று தினமும் யாரையாவது கேட்பாய். படிக்கட்டில் என்று பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னால் நீ நம்புகிறாயா, எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.

உனக்குப் பாடம் தப்பக்கூடாது என்று கணக்கு டீச்சர் வாரம் இரண்டு நாள் நம் வீட்டுக்கே சைக்கிளில் வந்தாரே, நினைவிருக்கிறதா? முதல் நாள் நம் படிக்கட்டில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை விழுந்திருக்கே, இதுக்கு ஒரு கைப்பிடி போடுங்கம்மா, நாளைக்கு நீங்களும் விழுவீங்க" என்றார். அப்பா மறுநாளே ஆள் வைத்து இரும்புக் கைப்பிடி போட்டார். விழாத படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டோம், விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். அந்த வழியாகத்தான் அவர் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தார். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டீச்சர் இன்று இருந்திருப்பார் என்று சொல்லமாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது அந்த இரும்பில் கை வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன், அப்பா என்ன ஆச்சு உனக்கு என்கிறார்.

போன கூட்டத்தில் கதவைத் திறக்கும் முறையைப் பற்றி ஒரு நோட்டீஸ் அடிக்கலாம் என்று பேச்சு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கையால் திறக்காமல் மற்ற கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே, நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூல்காரர் பத்து வருஷமாக முதல் நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார், வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடமாட்டார், என் மகன் வெறுத்துப்போய்விட்டான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் சித்தப்பாவிடம் போனேன். கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அண்ணி, போர்டுல என் பேரு இருக்கு. இது தெரிஞ்சா நாளைக்கு எவனும் எங்கிட்ட கத்துக்க வரமாட்டான்" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "பேனா இருக்கா அண்ணி?" என்று கேட்டார்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வண்டியில் இருந்தவர் என்கிற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிற இடத்தில் நான் எழுதியிருக்கிறேன், பூசி மெழுகவில்லை. காயப்பட்டவர் என்கிற இடம் காலியாக இருக்கிறது. அதில் நீயே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று எஞ்சினியர் சொல்கிறார், காயப்பட்டது யார் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் ஒருமுறை உன் பெயரில் ஒன்றைச் சொல்லிவிட்டேன். இந்த முறை கேட்கிறேன். நீ வேண்டாம் என்று நினைத்தால் வெறும் படிவத்தைத் திருப்பி அனுப்பு, ஏன் என்று அப்பாவோ சித்தப்பாவோ நானோ ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். அம்மாவுக்காகப் போடாதே, சித்தப்பா சொன்னார் என்றும் போடாதே. உனக்கு என்மேல் இத்தனை வருஷம் கோபம் இருந்திருந்தால் அதையும் எழுது, படிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்த அசதியில் சைக்கிளை எடுக்காதே, நிற்கிற கார்களை ஒட்டி ஓட்டாதே, ஒரு கதவு அகலம் தள்ளியே போ. எங்கே இருந்தாலும் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். அடுத்த மாசம் இருபத்திரண்டாம் தேதியோடு நீ விழுந்து பத்து வருஷம் முடிகிறது, அதற்குப் பிறகு அது கணக்கில் வராது. தபால் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
நீ படிக்கட்டில் விழுந்தாய் என்று சொன்ன
உன் அம்மா