தேஜஸ்ரீக்கு ஒரு வஞ்சப்புகழ்ச்சி

அன்புள்ள அம்மாவுக்கு, ஆஷா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? சித்தி வீட்டில் நான் சுகம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. தமிழ் வகுப்பில் டீச்சர் உவமைக்கு எடுத்துக்காட்டு கேட்டார். சித்தி வேலைபார்க்கும் பனியன் கம்பெனி முதலாளியின் மகள் தேஜஸ்ரீ எழுந்து, "ஆஷாவோட பை எங்க கம்பெனிக் குப்பைமூட்டை மாதிரிங்க டீச்சர்" என்றாள். அது சித்தி வேஸ்ட் துணியில் தைத்துக் கொடுத்த பை. வகுப்பே சிரித்தது.

அடுத்து வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் இகழும் அணி. நான் எழுந்தேன். "தேஜஸ்ரீயைப்போல் உழைப்பாளி உண்டா? என் பிழைகளைக்கூட விடாமல் காப்பியடிப்பாள்!" டீச்சரே சிரித்துவிட்டார்.

சித்திதான், "ஏட்டி, அவ முதலாளி மவ! என் வேலை போயிரும், மன்னிப்பு கேளு" என்று அழுதாள். இன்று கேட்கிறேன். எழுதியும் வைத்துவிட்டேன்: "தேஜஸ்ரீ, என் பிழைகளையும் உன் பிழைகளாக ஏற்றுக்கொண்ட பெரிய மனசுக்காரியே, மன்னித்துவிடு."

அவளுக்குப் புரியாது. சித்தி வேலையும் போகாது.

தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பு, இங்கே கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

உன் ஆஷா