வீட்டுக் குழாயில் ஈயம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முட்டி இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். ஊரார் தண்ணீரையெல்லாம் சோதிக்கிற நான், நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். பழைய குழாயிலிருந்து ஈயம் கலந்திருந்தது. நாக்குக்குத் தெரியாது, ஆனால் குழந்தைகளின் மூளையைக் கெடுத்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னதும், “பிடிக்கலைன்னா எல்லாரும் காலி பண்ணுங்க” என்று கத்தினார். அன்றிலிருந்து மற்ற குடித்தனக்காரர்களுக்கும் நான்தான் எதிரி. பொதுச் சமையலறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கீழறையில் கைக்குழந்தையோடு குடியிருக்கும் ஒரு அக்கா, “உன்னால நாங்க தெருவுல நிக்கணுமா?” என்று என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

நேற்று அவளே மேலே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பால்மாவுக்குத் தண்ணிய நல்லாக் காய்ச்சிட்டுத்தான் கலக்கறேன். அப்புறம் என்ன?”

“காய்ச்சினா ஈயம் போகாதுக்கா.”

விறுவிறுவென்று இறங்கிப்போய் வீட்டுக்காரர் கதவை உதைத்தாள். அவள் திட்டியதை உங்களுக்கு எழுத முடியாது. இந்த வீட்டில் முதல்முறையாகத் திட்டு எனக்கு விழவில்லை.

போன் செய்தால் சட்டென்று வைத்துவிடாதீர்கள் அம்மா. கறிக்காரனோடு பேரம் பேசியதைக்கூடச் சொல்லுங்கள், கேட்கிறேன். பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

உங்கள் சின்னவள்